மணி இல்லாத பேச்சு

கலையரசியின் இரண்டு கைகளும் என் முதுகுக்கு அடியில் இருந்தன. ஒன்று தோள்பட்டையில், ஒன்று இடுப்பில். அன்று நோயாளியாகப் படுக்கும் முறை என்னுடையது. நான் கனத்த உடம்புக்காரி. அவளோ ஒல்லி. கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தார்கள். அவள் என் வலது காலை மடக்கி இடது காலுக்கு மேல் போட்டாள். ஒரே இழுப்பில் என்னைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் மடித்த துணி வைத்தாள். எனக்கடியில் விரிப்பு சுருங்கியிருந்ததைக் கையைவிட்டு நீவி எடுத்தாள். விரிப்பின் சுருக்கத்தை மற்றவர்கள் எல்லாரும் மறப்பார்கள். அவள் மறந்ததே இல்லை.

சுந்தராம்பாள் டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாருக்கு. அடுத்து எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் திருப்புவ?"

"பன்னெண்டு அடிக்கறப்ப, டீச்சர்."

"அடிக்கறதுக்கு இங்க என்ன கோயிலா இருக்கு? பன்னெண்டு மணின்னு சொல்லேன்."

"பன்னெண்டுக்குங்க, டீச்சர்."

டீச்சர் விட்டுவிட்டார். எனக்கு மட்டும் அது உறுத்தியது. ஒருக்களித்துப் படுத்திருப்பவளுக்கு யோசிக்க நேரம் உண்டு.

இது 1998-இல் நடந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில், ஒரு தொண்டு நிறுவனம் வீட்டிலேயே நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சியை நடத்தியது. எட்டாவது படித்திருந்தால் போதும், வயதுக்கு வரம்பில்லை. சுந்தராம்பாள் டீச்சர் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதில் வேறு யாரும் சேரவில்லை. கலையரசிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இருவருமே அரியலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துபோனோம். அதனால்தான் அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

அவள் பிறந்தது ஏலாக்குறிச்சிப் பக்கம். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு அவளும் களை எடுக்கப் போனாள். பிறகு அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் குடியிருந்த மணிவேலுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் சுண்ணாம்புக்கல் லாரிகளில் லோடுமேன். ஒரு பெண் குழந்தை. நன்றாகத்தான் இருந்தார்கள். முந்தின வருஷம் ஆடி மாதம் லாரியின் மேலிருந்து மணிவேல் பின்பக்கமாக விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. இடுப்பெலும்பிலும் விரிசல். திருச்சியில் வைத்தியம் பார்த்து, கம்பி வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். படுத்த படுக்கை. ஒரு மாதத்தில் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்தது. கலையரசி குழந்தையைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கணவனின் புண்ணை ஆற்றுவதே வேலையாக இருந்தாள். புண் கழுவ வந்த நர்ஸ்தான், "இவ்வளவு செய்யறியே, இதையே முறையாப் படிச்சுக்கயேன்" என்று பயிற்சியைப் பற்றிச் சொன்னது. அவள் பெரம்பலூர் வரும் நாட்களில் மாமியார் அம்மாக்கண்ணு மகனைப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை பஸ்ஸில் அவளிடம் நேராகக் கேட்டேன்.

"மணின்னு ஏண்டி சொல்ல மாட்டேங்கற?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவரு பேருக்கா."

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை, எனக்குத் தெரியாததில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ஆனால் 1998-இல் அவள் வயதுப் பெண்கள் பாதிப்பேர் அதை விட்டாகிவிட்டது. அப்படியே சொல்லாவிட்டாலும் பேரை மட்டும்தான் சொல்ல மாட்டார்கள். இவளோ அந்தப் பேரின் பாதி வரும் எல்லாச் சொல்லையும் விட்டிருந்தாள்.

"ஒரு தடவ சொன்னேங்க்கா. ரேஷன் கார்டுல புள்ள பேரச் சேக்கப் போயிருந்தேன். குடும்பத் தலைவர் பேரு என்னன்னு அந்த ஆளு கேட்டாரு. சாடையாச் சொல்லிப் பாத்தேன், கார்டுல இருக்கற பேரக் காட்டினேன், அவரு கேக்கல. வாயத் தொறந்து சொன்னாத்தான் எழுதுவேன்னுட்டாரு. பின்னாடி பெரிய வரிசை. சொல்லிட்டேன். வூட்டுக்கு வந்து அடுப்பு பத்த வைக்கல, ஆள் ஓடி வந்துட்டாங்க, லாரியிலேருந்து வுழுந்துட்டாருன்னு."

"பேரச் சொன்னதால வுழல. பின்பலகை கொக்கியச் சரியா மாட்டல, அதனால வுழுந்தாரு."

"தெரியுங்க்கா. ஆனா அன்னிக்குத்தான் சொன்னேன்."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பயணச்சீட்டைச் சுருட்டிக் காது குடைந்துகொண்டு வந்தேன்.

பயிற்சி முடிய மூன்று வாரம் இருக்கும்போது டீச்சர் ஒரு செய்தி சொன்னார். கடைசி ஞாயிற்றுக்கிழமை பேச்சுப் போட்டி. நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அந்த வீட்டு மனிதர்களுக்கு எடுத்துச் சொல்லவும் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் டாக்டர் அரவிந்தன் நினைத்தார். அதனால் ஒவ்வொருத்தியும் மேடையேறி ஐந்து நிமிடம் பேச வேண்டும். முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு அரியலூர்க் குழுவில் வேலை. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். மற்றவர்களுக்குச் சென்னையிலும் திருச்சியிலும் வேலை. அங்கே நோயாளி வீட்டிலேயே தங்க வேண்டும்.

கலையரசிக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கியது. சென்னைக்குப் போனால் மணிவேலைத் திருப்பிப் போட யாரும் இல்லை. அம்மாக்கண்ணுவுக்கு அவரைப் பிடித்து உட்கார வைக்கத் தெம்பு உண்டு, இரவெல்லாம் விழித்துத் திருப்பத் தெம்பு இல்லை. வேலைக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எரியாது. ஆகவே முதல் மூன்றுக்குள் வந்தாக வேண்டும். மேடை ஏறிப் பழக்கமோ கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை குறள் சொல்லக் கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டவள் அவள்.

"படுக்கைப் புண் வராமல் காப்பது எப்படி" என்ற தலைப்பை எடுத்துக்கொண்டாள். வேறு எதை எடுப்பாள்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் ஜைனம்புவும் அவளுக்குப் பேச்சைத் தயார் செய்தோம். ஜைனம்பு லப்பைக்குடிக்காட்டுக்காரி. வாய் ஓயாது.

"உனக்கு மட்டும் ஏண்டி இந்தக் கஷ்டம்? நாங்களும்தான் மச்சான் பேரச் சொல்ல மாட்டோம். எங்க மச்சான் பேரு எந்தப் பாடத்துலயும் வராது. துபாய்ல இருக்கற ஆளு, வூட்டுக்கே வர மாட்டாரு, பேச்சுல எங்கேருந்து வருவாரு?"

"எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. எங்க வூட்டுக்காரரு போயிச் சேந்து ஒம்பது வருசம். சத்தம் போட்டே கூப்பிடலாம்" என்றேன் நான்.

கலையரசி சிரித்தாள். ஆனால் வேலையை விடவில்லை. எழுதிய பேச்சில் மணி வரும் இடத்தையெல்லாம் அடித்தோம். "காலை ஆறு மணிக்கு" என்பது "பால்காரர் வரும்போது" ஆயிற்று. "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை" என்பதுதான் பேச்சின் உயிர். அதற்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. நாழிகை என்று போடலாம் என்றாள் ஜைனம்பு. நாழிகை என்றால் அரை மணிகூட ஆகாது, நோயாளியைத் தூங்கவே விட மாட்டாயா என்று நான் அடித்துவிட்டேன். கடைசியில் பால்காரர் வரும்போது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும்போது, ஆலையில் மதியச் சங்கு ஊதுவதற்கு முன்னால், ஊதிய பின்னால் என்று ஒரு நாளையே துண்டு துண்டாக வெட்டி வைத்தாள். வீட்டில் அவள் மாமியாருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாளாம்.

பிறகு மணிக்கட்டு வந்தது. நாடி பார்ப்பதைப் பற்றி ஒரு வரி.

"வளையல் போடற எடம்னு போடுங்கக்கா" என்றாள்.

"நோயாளி ஆம்பளையா இருந்தா?" ஜைனம்பு விடுவாளா?

"வாட்ச் கட்டற எடம்."

"வாட்ச் இங்கிலீசு. இங்கிலீசு கலந்தா மார்க்கு போயிடும், டீச்சர் சொன்னாங்கல்ல?"

அது உண்மை. நடுவர்களில் ஒருவர் தமிழாசிரியராம். ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பாராம். நாடி பற்றிய வரியையே எடுத்துவிட்டோம். படுக்கைப் புண்ணுக்கும் நாடிக்கும் அப்படியொன்றும் சம்பந்தமில்லை.

ஒரு நாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். மணிவேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் முன்னால் நின்று அவள் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏ புள்ள, எல்லாம் சரியா இருக்கு. எம் பேரு ஒண்ணுதான் கொறையுது. சொல்லிட்டுப் போயேன். சொன்னா ஒண்ணும் ஆவாது. எனக்கு எலும்பு கூடிட்டு வருது."

"கூடிட்டு வர்றப்ப ஏங்க அதக் கெடுக்கணும்?" என்றாள்.

அம்மாக்கண்ணு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஏ மணி, அவள ஒண்ணும் சொல்லாதடா" என்றார். தாய்க்கு அந்தத் தடை கிடையாது. நாள் முழுக்க மணி, மணி என்றுதான் கூப்பிடுவார்.

போட்டி ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பயிற்சிப் பெண்களின் குடும்பத்தார், பக்கத்துத் தெருவார், சும்மா மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று நூறு பேருக்குமேல் இருந்தார்கள். கலையரசி நீலச் சேலை கட்டியிருந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வரும்போதே இரண்டு தடவை பேச்சை முழுவதும் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒரு சொல் பிசகவில்லை.

டீச்சர் ஒலிபெருக்கியில் நடுவர்களை அறிமுகம் செய்தார். "மருத்துவர் அரவிந்தன் அவர்கள். நமது அழைப்பை ஏற்று வந்திருக்கும் புலவர் மணிவண்ணன் அவர்கள்."

கலையரசி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா."

"கேட்டுச்சு."

"எல்லாரும் மேடையில இருக்கறவங்க பேரச் சொல்லித்தான ஆரம்பிக்கணும்?"

"தமிழய்யான்னு சொல்லிடு. போதும்."

"மரியாதைக் கொறச்சலா நெனச்சுக்கிட்டா?"

"நெனச்சுக்கட்டும். உன் வூட்டுக்காரரா அவரு?"

வாலிகண்டபுரத்து வீரம்மாள் முதலில் பேசினாள். வெண்கலக் குரல். ஒருமுறைகூடத் திக்காமல், கையை வீசி, தேர்தல் கூட்டம் மாதிரிப் பேசி இறங்கினாள். எனக்கே கைதட்டத் தோன்றியது. ஜைனம்பு அவையை வணங்கிய கையோடு அடுத்த வரியை மறந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்முறையை மட்டும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடி வந்தாள். என் பேச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டவர்கள் பொறுமைசாலிகள்.

கலையரசி போய் நின்றாள். மைக் அவள் நெற்றி உயரத்துக்கு இருந்தது. யாரோ வந்து தாழ்த்திவிட்டார்கள்.

"மதிப்பிற்குரிய மருத்துவர் அரவிந்தன் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் வீற்றிருக்கும் தமிழய்யா அவர்களே…"

புலவர் தலை நிமிர்ந்து பார்த்தார். தாளில் என்னவோ எழுதினார். அதை அவளும் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அடுத்த வரி போய்விட்டது. வாயைத் திறந்தபடி நின்றாள். மண்டபத்தில் ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழும் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் முதல் வரியை உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள். தயார் செய்த பேச்சு அல்ல.

"எங்க வூட்டுக்காரரு பதினோரு மாசமாப் படுக்கையில இருக்காரு. படுத்திருக்கறவருக்கு அவரு முதுகு தெரியாது. நாமதான் பாக்கணும். மொதல்ல நானும் பாக்கல. சோறு ஊட்டினேன், தண்ணி கொடுத்தேன், முதுகப் பாக்கல. வாடை வந்தப்பறம்தான் பாத்தேன்."



புண் எங்கே வரும் என்று தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினாள். குதிகால், இடுப்பு ஓரம், முதுகின் அடி, தோள்பட்டை, பின்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். விரலை எடுத்ததும் வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவே விடக் கூடாது என்றாள். சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், உள்ளே சதை நசுங்கும் என்றாள். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மதியச் சங்கு எல்லாம் வரிசையாக வந்தன. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நேரம் முடிந்ததற்கு டீச்சர் மணி அடித்ததும், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுக் கும்பிட்டாள். அப்படியே இறங்கியிருந்தால் கதை இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருத்தரிடமும் நடுவர்கள் ஒரு கேள்வி கேட்பது என்று வைத்திருந்தார்கள்.

டாக்டர் வெளியூர்க்காரர், இளைஞர். சிரித்த முகத்தோடு கேட்டார்.

"நல்லா சொன்னீங்க. எல்லார் வீட்டுலயும் சங்கு கேக்காது இல்லையா? அதனால தெளிவா ஒரு தடவை சொல்லிடுங்க. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்?"

"ரெண்டுங்க சார்."

"ரெண்டு…?"

"நீங்க கேட்டதுதாங்க சார்."

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

புலவர் தொண்டையைச் செருமினார். "விடை முழு வாக்கியமா இருக்கணும்மா. ரெண்டு நாழிகையா? ரெண்டு நாளா? கேக்கறவங்களுக்குப் புரிய வேணாமா?"

"நாழிகை இல்லீங்கய்யா. ரெண்டு…" நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை முறுக்கினாள். சொல்லிவிட்டால் இடம் கிடைக்கும், ஆனால் அவள் நிம்மதி போகும். சொல்லாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜைனம்பு பொறுக்க மாட்டாமல் எழுந்துவிட்டாள். "வூட்டுக்காரரு பேருங்க சார்!"

டாக்டர் திரும்பினார். "யாரு பேரு? ரெண்டா?"

மண்டபம் அதிர்ந்தது. முன் வரிசைப் பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். புலவருக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

"மணி…" என்றார், தனக்குள் சொல்வது மாதிரி. "அதான் என் பேரையும் விட்டியாம்மா?"

"ஆமாங்கய்யா. மரியாதைக் கொறச்சல்னு நெனச்சுக்காதீங்க."

டாக்டருக்குப் புலவர் காதோடு காதாக விளக்கினார். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"சரிம்மா. உங்க நம்பிக்கையில நான் தலையிடல. ஆனா நாளைக்கு நான் போன் பண்ணி, நோயாளிக்கு எத்தனை மணிக்கு மாத்திரை கொடுத்தீங்க, எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க? பால்காரர் வந்தப்பன்னா நான் என்ன பண்றது?"

கலையரசி தலைப்பை விட்டாள்.

"எய்ட் ஏ.எம்.முன்னு சொல்வேன் சார். திருப்பிப் போடறது டூ அவர்சுக்கு ஒரு தடவ."

புலவர்தான் முதலில் பேசினார்.

"ஆங்கிலத்துக்கு மதிப்பெண் குறையும்னு தெரியும்லம்மா?"

"தெரியுங்கய்யா. கொறச்சுக்கங்க."

கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தண்ணீர் கொடுத்தேன். "தெரிஞ்சுதான் சொன்னேங்க்கா. அதுக்கு மேல எனக்கு வழியில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு பேசியவர்களை அவள் கேட்டாளா என்பது எனக்குச் சந்தேகம். தேநீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. நடுவர்கள் இருவரும் மணமகள் அறைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. உள்ளே தேநீர் கொண்டுபோன ஜைனம்பு திரும்பி வந்து எங்களுக்குச் செய்தி சொன்னாள்.

"ரெண்டு பேரும் சண்டடி! ஏ.எம்.ங்கறது ஒரு சொல்லா, ரெண்டு சொல்லான்னு. நடுவுல புள்ளி இருக்கு, ரெண்டுங்கறாரு தமிழய்யா. ஒரே நேரத்தைச் சொல்றது, ஒண்ணுதான்ங்கறாரு டாக்டரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கலையரசிக்கு வரவில்லை. "ரெண்டுன்னு வச்சா நான் போச்சாக்கா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் மதிப்பெண் என்னவென்று நான் கண்டேனா? அதையே சொன்னேன். பொய் சொல்லித் தேற்றுவது எனக்குப் பழக்கமில்லை.

டீச்சர் தாளோடு வந்தார். முதலிடம் வீரம்மாள். அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி. கலையரசி கையை மடியில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூன்றாவது இடம், கலையரசி."

அவள் எழுந்திருக்கவில்லை. ஜைனம்பு முதுகில் ஒரு அடி வைத்தாள். "போடி, உன்னத்தான். டூ அவர்சுக்கு ஒரு தடவ கூப்புடுவாங்களா?"

மேடையில் அவளுக்கு எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தவர் புலவர். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். ஏ.எம்.மை ஒரு சொல்லாக ஒப்புக்கொண்டாராம். இரண்டாக வைத்திருந்தால் நாலாவது இடமாம். "சண்டை போட்டுத் தோத்துட்டேம்மா. எங்க வீட்டுலயும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க. மணி என்னன்னு கேட்டா கடிகாரத்தத் திருப்பிக் காட்டுவாங்க" என்றாராம்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஏறின உடனே தூங்கிவிட்டாள். அப்படித் தூங்கி அவளை நான் பார்த்ததில்லை. அரியலூர் வந்ததும் தட்டி எழுப்பினேன். எனக்கும் அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடவே போனேன்.

அம்மாக்கண்ணு வாசலிலேயே நின்றிருந்தார். "என்னாச்சு? இவன் காலையிலேருந்து ஒண்ணும் திங்கல. கேட்டா பசிக்கலங்கறான். நீயே கேளு."

மணிவேல் வலப்பக்கம் படுத்திருந்தார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "ஜெயிச்சியா?"

"மூணாவது."

"மூணாவதுன்னா?"

"மெட்ராசுக்குப் போவ வேணாம். இங்கயேதான். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அவர் மூச்சு நீளமாக வெளியே வந்தது. அவள் சென்னைக்குப் போய்விடுவாளோ என்று அந்த மனிதரும் மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு, "சோறு இருக்கா?" என்றார்.

அம்மாக்கண்ணு பிசைந்து கொண்டுவந்த சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டார். நடுவில், "எம் பேரச் சொன்னியா, இல்லியா?" என்று கேட்டார்.

"சொல்லல. டூ அவர்சுன்னு இங்கிலீசுல சமாளிச்சேன்."

"இங்கிலீசுல எம் பேரு என்னவாம்?"

"அவரு" என்றாள்.

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்தது. "அய்யோ, சிரிக்க வைக்காத புள்ள" என்று கத்திக்கொண்டே சிரித்தார். அம்மாக்கண்ணுவுக்குப் புரியவில்லை, அவரும் சிரித்தார். எனக்குப் பசித்தது, நான் கிளம்பினேன்.

கலையரசி அரியலூர்க் குழுவில் பல வருஷம் வேலை பார்த்தாள். நான் திருச்சிக்குப் போய்விட்டேன். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது மணிவேல் கோல் ஊன்றிக் கொல்லைப்பக்கம்வரை நடந்தார். ஆறின புண்ணின் தழும்பையும் காட்டினார். வைத்தியமும் அவள் கையும் செய்த வேலை. அவள் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாதாடவில்லை. இருவருக்கும் கணக்கு ஒன்றாகத்தானே முடிந்தது.

போட்டிக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, அவள் மணிவேலைக் குளிப்பாட்டி, முதுகைத் துடைத்து, சிவப்பு ஏதும் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். இடப்பக்கம் திருப்பிப் போட்டாள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு நடை வந்துவிடுவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, டவுனில் கொடுத்திருந்த முகவரிக்கு நடந்து போனாள். பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு மளிகைக்கடைக்காரர் வீடு. வீட்டாரிடம் வெந்நீரும் பழைய வேட்டி ஒன்றும் கேட்டு வாங்கினாள். வேட்டியைக் கிழித்து மடித்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, அவருடைய வாயைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள்.